கடைமடையின் அரசமைப்புச் சட்டம்

வேப்பனப்பள்ளி, பேரிகை, சூளகிரி, ஓசூர் வட்டாரங்களிலிருந்து சட்டம் பயிலச் சென்றிருக்கும் மாணவர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்



ஒரே வகையான சிக்கலைப் பல நாடுகள் தத்தம் அரசமைப்புச் சட்டத்தின் வழியே எவ்வாறு கையாளுகின்றன என்பதை அருகருகே வைத்து ஆராயும் துறைக்கு ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டம் என்று பெயர். தருமபுரி, சேலம் அரசு சட்டக் கல்லூரிகளிலும், எல்லை கடந்து பெங்களூருக் கல்லூரிகளிலும் பயிலும் இவ்வட்டார மாணவர்கள் இதனைத் தேர்வுக்குரிய ஒரு தாளாகவே பெரும்பாலும் அறிந்திருக்கின்றனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் முறையையும் பிரித்தானிய நாடாளுமன்ற முறையையும் இரண்டு பத்திகளாகப் பிரித்து வேறுபாடுகளை எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது, அதோடு தாளும் மூடப்பட்டுவிடுகிறது. அத்துறையின் கடினமான கேள்விகளுள் ஒன்று வேப்பனப்பள்ளியை ஒட்டி ஓடும் மார்க்கண்டேய நதியைப் பற்றியது என்பதையும், அக்கேள்விக்கு விடை தேடும் தகுதி மற்ற எவரையும்விட இவ்வட்டார மாணவர்களுக்கே மிகுதி என்பதையும் எடுத்துரைப்பதற்காக இம்மடல் எழுதப்படுகிறது.

மார்க்கண்டேய நதி கோலார் மாவட்டத்தில் தோன்றி, எல்லையைக் கடந்து வேப்பனப்பள்ளி வட்டாரத்து நிலங்களின் வழியே இறங்கி, கிருஷ்ணகிரி அணைக்கு மேலே தென்பெண்ணையோடு சேர்கிறது. தென்பெண்ணை நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூருக்கு அருகே தமிழகத்துக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, கடலூரை அடுத்துக் கடலில் கலக்கிறது. எனவே மார்க்கண்டேய நதியில் மேலே ஒரு மதகு மூடப்பட்டால், வேப்பனப்பள்ளியின் கிணறுகளோடு நில்லாமல், கிருஷ்ணகிரி அணையின் வரத்துக் கணக்கிலும் அது பதிவாகிறது.

கோலார் மாவட்டம் பங்காருப்பேட்டை வட்டத்தில் யார்கோள் என்னும் ஊருக்கு அருகே இந்நதியின் குறுக்கே கர்நாடக அரசு ஓர் அணையைக் கட்டியது. கோலார், பங்காருப்பேட்டை, மாலூர் நகரங்களுக்கும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களுக்கும் குடிநீர் வழங்குவது அதன் நோக்கம். கொள்ளளவு ஏறத்தாழ அரை டி.எம்.சி., அதாவது ஐம்பது கோடி கன அடி. காவிரிக் கணக்கைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது ஒரு பொருட்டாகத் தோன்றாது. மழைக்காலத்தை நம்பி ஓடும் ஒரு சிற்றாற்றுக்கோ அது பெரும் பங்கு. தமிழக அரசு 2018-இல் கர்நாடகத்தின் மீது உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் இடையே எழும் வழக்கைக் கீழ் நீதிமன்றங்களுக்குப் போகாமல் உச்ச நீதிமன்றமே முதன்முதலாக விசாரிக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 131-ஆம் உறுப்பு கூறுகிறது. இத்தகைய வழக்கு அசல் வழக்கு எனப்படும். அணை வேலையை நிறுத்திவைக்குமாறு அவ்வழக்கில் தாக்கல் செய்யப்பட்ட இடைக்கால மனுவை, நீதிபதிகள் யு.யு.லலித், வினீத் சரண் ஆகியோர் அடங்கிய அமர்வு 2019 நவம்பர் 14 அன்று தள்ளுபடி செய்தது. நடுவர் மன்றம் அமைக்கக் கோரி மத்திய அரசை அணுகலாம் என்றும் வழிகாட்டியது. அம்மாத முடிவிலேயே தமிழக அரசின் கோரிக்கை தில்லிக்குச் சென்றது. 2020 ஜனவரியில் மத்திய அரசு பேச்சுவார்த்தைக் குழு ஒன்றை அமைத்தது. 2023 நவம்பரில் யார்கோள் அணை முறைப்படி திறந்துவைக்கப்பட்டபோதும் நடுவர் மன்றம் அமைந்திருக்கவில்லை.

அசல் வழக்கு என்னும் கதவைத் தட்டிய மாநிலம் வேறொரு கதவுக்கு அனுப்பப்பட்டதன் காரணம் 262-ஆம் உறுப்பில் உள்ளது. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளின் நீர் பற்றிய தகராறுகளைத் தீர்க்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றலாம் என்றும், அத்தகராறுகளில் உச்ச நீதிமன்றம் உள்ளிட்ட எந்த நீதிமன்றமும் தலையிடாதபடி அச்சட்டத்திலேயே விலக்கு வைக்கலாம் என்றும் அவ்வுறுப்பு கூறுகிறது. 1956-ஆம் ஆண்டின் மாநிலங்களிடை ஆற்றுநீர்த் தகராறுகள் சட்டம் தன் 11-ஆம் பிரிவில் அந்த விலக்கை வைத்தது. நடுவர் மன்றத்தை அமைக்க ஓராண்டுக் காலவரம்பு 2002-இல் அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. எனினும் பேச்சுவார்த்தையால் தகராறு தீராது என்று மத்திய அரசு கருதினால்தான் அந்தக் கடமை எழுகிறது. மேலோட்டமாகப் படிப்பவருக்கு ஓராண்டு என்னும் எண் தெரியும். நுணுகிப் படிப்பவருக்குக் ‘கருதினால்’ என்னும் சொல் தெரியும். கடைமடை மாநிலத்தின் தலைவிதி அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது.

வாய்க்காலின் தலைப்பில் இருப்பவருக்குத் தலைமடை என்றும், கடைசி வயல்காரருக்குக் கடைமடை என்றும் தமிழ் உழவர்கள் பெயர் வைத்திருக்கின்றனர். தலைமடைக்காரர் மடையை அடைத்துவிட்டால் கடைமடைக்காரர் யாரிடம் போய் முறையிடுவது என்பதே, கூட்டாட்சி நாடுகள் அனைத்தும் தத்தம் வழியில் விடை காண முயன்ற கேள்வி. ஒப்பீட்டுக்கு இக்கேள்வி நல்ல தொடக்கப் புள்ளி. சட்ட விதிகளின் சொற்களை வரிக்கு வரி ஒப்பிடுவதைவிட, ஒரே தேவையை வெவ்வேறு நாடுகளின் எந்த அமைப்பு எவ்வாறு நிறைவேற்றுகிறது என்று பார்ப்பதே பயன் தருவது. இதனைச் செயல்நோக்கு ஒப்பீடு என்று இத்துறையினர் குறிப்பிடுகின்றனர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் கடைமடை மாநிலம் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே செல்கிறது. அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் உறுப்பு அதற்கு இடமளிக்கிறது. ஆர்கன்சாஸ் ஆற்றின் நீரைக் கொலராடோ மேலேயே எடுத்துக்கொள்கிறது என்று கான்சாஸ் தொடுத்த வழக்கில் 1907-இல் வழங்கப்பட்ட தீர்ப்பே இத்துறையின் மூலத் தீர்ப்பாகக் கருதப்படுகிறது. மாநிலங்கள் யாவும் சமநிலையுடையவை, ஒன்றின் விருப்பத்தை மற்றொன்றின் மீது சுமத்த முடியாது, எனவே ஆற்றின் பயனை நியாயமாகப் பகிரவேண்டும் என்னும் கருத்து அத்தீர்ப்பிலிருந்து கிளைத்தது. அதுவே பின்னர் நியாயப் பகிர்வுக் கோட்பாடு என்று பெயர் பெற்றது. சாட்சியங்களையும் நீர்க்கணக்குகளையும் திரட்டி ஆராய, சிறப்பு ஆணையர் ஒருவரை அந்நீதிமன்றம் அமர்த்துவதும் வழக்கம். மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு நாட்டுப் பேரவையின் ஒப்புதலைப் பெறும் இரண்டாவது வழியும் உண்டு. 1922-ஆம் ஆண்டின் கொலராடோ ஆற்று ஒப்பந்தம் அவ்வகையைச் சேர்ந்தது.

இந்த இடத்தில் மாணவர்கள் பலரும் ஒரு முடிவுக்கு ஓடிவிடுகின்றனர்: அமெரிக்காவைப் போல உச்ச நீதிமன்றத்தின் கதவு இங்கும் திறந்திருந்தால் மார்க்கண்டேய நதிக்கு நீதி கிடைத்திருக்கும் என்பதே அது. அதே கான்சாஸ் வழக்கின் முடிவை அவர்கள் படிப்பதில்லை. 1907-இல் கான்சாஸ் தோற்றது. மேலே நீர் எடுக்கப்படுவது உண்மைதான், ஆயினும் கீழே போதிய அளவு தீங்கு நேர்ந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. தீங்கு பெருகினால் மீண்டும் வரலாம் என்று மட்டும் இடம் விட்டது. இரு மாநிலங்களும் 1949-இல் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகும் சச்சரவு ஓயவில்லை. 1985-இல் கான்சாஸ் மீண்டும் வந்தது, ஒப்பந்தத்துக்குப் பின் கொலராடோவில் பெருகிய கிணறுகள் நிலத்தடி நீரை இறைத்து ஆற்றின் ஓட்டத்தையே குறைத்துவிட்டன என்று இம்முறை கணக்கோடு காட்டியது, 1995-இல் வென்றது, பின்னர் மூன்று கோடி டாலருக்கும் மேல் இழப்பீடும் பெற்றது. கதவு தொடக்கத்திலிருந்தே திறந்துதான் இருந்தது. முதல் முறை கையில் கணக்கு இல்லை, பின்னர் இருந்தது, வேறுபாடு அவ்வளவே.

மாசு பற்றிய வழக்கிலும் இதே பாடம் கிடைக்கிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து மழைக்காலத்தில் திறக்கப்படும் நீர் வெண்ணுரையாகப் பொங்கி, ஆற்றின் மீது பஞ்சுப்பொதி மிதப்பதைப் போலக் காற்றில் பறந்து சாலையிலும் வயலிலும் விழுவதை ஓசூர்ப் பக்கத்து மாணவர்கள் கண்டிருப்பர்; பெங்களூருப் பெருநகரின் கழிவுகள் தென்பெண்ணையில் கலப்பதன் விளைவு அது. இதைப் போன்றே அமெரிக்காவில், சிகாகோ நகரம் தன் கழிவுநீரைக் கால்வாய் வெட்டி மிசிசிப்பியின் பக்கம் திருப்பியபோது, கீழே இருந்த செயின்ட் லூயிஸ் நகரில் டைபாய்டு பரவுகிறது என்று மிசூரி மாநிலம் இலினாய் மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தது. நீதிபதி ஹோம்ஸ் 1906-இல் எழுதிய தீர்ப்பு அவ்வழக்கைத் தள்ளியது. நோய்க்கிருமி அவ்வளவு தொலைவு உயிரோடு வந்துசேர்ந்தது என்பதற்குச் சான்று போதவில்லை என்பதும், மிசூரியின் நகரங்களே ஆற்றில் கழிவைக் கொட்டுகின்றன என்பதும் காரணங்களாயின. இரண்டாவது காரணம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் உறைக்க வேண்டியது: ஓசூர்த் தொழிற்பேட்டைகளின் கழிவும் குப்பையும் எங்கே போய்ச் சேர்கின்றன என்று எதிர்த் தரப்பு வழக்கறிஞர் கேட்காமல் விடமாட்டார்.

ஜெர்மனியின் ஒரு வழக்கு இவ்விரண்டையும்விட வியப்பானது. டான்யூப் ஆறு அன்றைய பாடன் மாநிலத்தின் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் ஓரிடத்தில் உறிஞ்சப்பட்டு மறைந்துவிடுகிறது. கோடையில் ஆற்றுப்படுகை அங்கே வறண்டே கிடக்கும். கீழே இருந்த வூர்ட்டம்பர்க் மாநிலத்துக்கு நீர் வராத அந்நாட்களில், சுமார் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஆஹ் என்னும் ஊற்றில் பெருவெள்ளமாக நீர் கிளம்பி, முற்றிலும் வேறான ரைன் ஆற்றுப் படுகைக்கு ஓடிவிடுகிறது. இரண்டும் ஒரே நீர்தானா என்பது நெடுநாள் வாதமாக இருந்தது. 1877-இல் புவியியலாளர் அடால்ஃப் க்னோப், ஆறு மறையும் இடத்தில் பல டன் உப்பையும், ஷேல் எண்ணெயையும், பத்துக் கிலோ பச்சைச் சாயத்தையும் கொட்டச் செய்தார். ஏறத்தாழ அறுபது மணி நேரத்துக்குப் பின் ஆஹ் ஊற்று பச்சையாக, உப்புக் கரித்து, எண்ணெய் வாடையோடு பொங்கியது. அதன் பிறகு மறுப்பதற்கு எவருக்கும் வாய் இல்லை. வூர்ட்டம்பர்க்கும் பிரஷ்யாவும் பாடன் மீது தொடுத்த வழக்கில், வைமர் அரசமைப்புச் சட்டத்தின்கீழ் இயங்கிய மாநிலங்களிடை நீதிமன்றம் 1927 ஜூனில் இடைக்காலத் தீர்ப்பு அளித்தது. இயற்கையாக மறையும் நீருக்குப் பாடன் பொறுப்பாகாது. ஆனால் மனிதர் கட்டிய கட்டுமானங்களால் அந்த மறைவு கூடுமானால் அவற்றைப் பாடன் விலக்கிக்கொள்ள வேண்டும். அதேபோல் இயற்கையான மறைவைச் செயற்கையாகத் தடுக்க வூர்ட்டம்பர்க்குக்கும் உரிமையில்லை. நாடுகளுக்கிடையே பின்பற்றப்படும் பன்னாட்டுச் சட்டத்தின் நெறியை, ஒரே நாட்டின் மாநிலங்களுக்கிடையே அந்நீதிமன்றம் பொருத்தியது. இயற்கையின் பங்கையும் மனிதரின் பங்கையும் பிரித்துக்காட்டும் இந்த அணுகுமுறை மார்க்கண்டேய நதிக்கு நேரடியாகப் பொருந்தும்: மழை பொய்த்ததால் குறைந்த நீர் எவ்வளவு, அணையால் குறைந்த நீர் எவ்வளவு என்னும் கேள்வியைத் தவிர்த்துவிட்டு எந்த நடுவர் மன்றமும் முடிவு சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவைப் பற்றி இங்கு நீட்ட வேண்டியதில்லை. நியாயமான அளவு ஆற்றுநீரைப் பயன்படுத்தும் மாநிலங்களின் உரிமையை ஒன்றிய அரசின் வணிகச் சட்டங்கள் குறைக்கலாகாது என்னும் 100-ஆம் பிரிவை அதன் அரசமைப்புச் சட்டத்தில் எழுதிவைத்தும், உண்மையான தீர்வு 1915-ஆம் ஆண்டின் மர்ரே ஆற்று ஒப்பந்தத்திலிருந்தும், பின்னர் 2007-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின்கீழ் ஆற்றுப்படுகை முழுவதற்கும் அமைந்த ஆணையத்திலிருந்தும்தான் வந்தது. ஆற்றுப்படுகை ஆணையங்களுக்காக இந்தியாவும் 1956-இலேயே ஆற்று வாரியங்கள் சட்டத்தை இயற்றியது. அது ஏட்டிலேயே கிடக்கிறது.

இந்திய வழி எங்கிருந்து வந்தது என்பதைத் தேடும்போது, ஒப்பீட்டாளர்களுக்கு முன்னோடி ஒருவர் கிடைக்கிறார். மங்களூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற பி.என்.ராவ், சிந்து மாகாணம் பஞ்சாப் மீது கொடுத்த புகாரை விசாரிக்க 1941-இல் அமைக்கப்பட்ட சிந்து ஆற்று ஆணையத்தின் தலைவராக இருந்தார். கீழே இருந்த சிந்து, மேலே பக்ரா அணை கட்டப்படுவதை எதிர்த்தது. 1942-இல் வெளியான அறிக்கையில் ராவ், கான்சாஸ் வழக்கு முதலான அமெரிக்கத் தீர்ப்புகளின் நியாயப் பகிர்வுக் கோட்பாட்டை எடுத்தாண்டார். அந்த ஆணையம் 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. நீர்த் தகராறுகளில் நீதிமன்றங்கள் தலையிடலாகாது என்று அச்சட்டத்தின் 133-ஆம் பிரிவு ஏற்கெனவே கூறியிருந்தது. அதாவது கோட்பாடு அமெரிக்காவிலிருந்தும், மூடிய கதவு ஆங்கிலேய ஆட்சியிலிருந்தும் வந்தன. ராவ் பின்னர் அரசியல் நிர்ணய சபையின் அரசமைப்புச் சட்ட ஆலோசகராகி, உலக நாடுகளின் அரசமைப்புச் சட்டங்களிலிருந்து முன்மாதிரிகளைத் தொகுத்து உறுப்பினர்களுக்கு அளித்தார். 1947-இன் இறுதியில் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்குச் சென்று நீதிபதிகளையும் அறிஞர்களையும் கலந்தாலோசித்தார். 1949 செப்டம்பரில் அம்பேத்கர் முன்மொழிந்த திருத்தத்தின் வழியே இன்றைய 262-ஆம் உறுப்பு வடிவம் பெற்றபோது, ஆணையம் என்னும் பழைய ஏற்பாடு நீங்கி, பொறுப்பு நாடாளுமன்றத்திடம் சென்றது. நீதிமன்ற விலக்கு மட்டும் நின்றுவிட்டது. ஒரு நாட்டின் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு அதைத் தாங்கிய அமைப்பை விட்டுவிட்டால் என்னவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கடன் வாங்குவது எப்போதும் இப்படி அரைகுறையாக முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் அறிஞர் டீட்ரிச் கான்ராட் 1965-இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில், அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கும் உள்ளார்ந்த எல்லை உண்டு என்று ஆற்றிய உரை, வழக்கறிஞர் எம்.கே.நம்பியாரின் வாதம் வழியாக 1967-இன் கோலக்நாத் வழக்குக்குள் நுழைந்து, 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடாக மலர்ந்தது. பாலாற்றுப் படுகையைத் தோல் பதனிடும் ஆலைகள் நஞ்சாக்கியது பற்றிய 1996-ஆம் ஆண்டின் வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் பன்னாட்டு நெறியை உச்ச நீதிமன்றம் இந்நாட்டுச் சட்டமாக ஏற்றுக்கொண்டதும் அத்தகைய நல்ல கடனே. நீதிமன்ற விலக்கும்கூட எழுத்தில் தோன்றும் அளவுக்கு இறுக்கமானதன்று: நடுவர் மன்றத்தின் தீர்ப்பின்மீது 136-ஆம் உறுப்பின்படி மேல்முறையீட்டை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று காவிரி வழக்கில் 2016 டிசம்பரில் அந்நீதிமன்றம் முடிவு செய்தது. 2018 பிப்ரவரியில் வந்த இறுதித் தீர்ப்பு தமிழகத்தின் பங்கை 404.25 டி.எம்.சி.யாக நிர்ணயித்தது அவ்வழியேதான். விதியின் வாசகத்தை மட்டும் ஒப்பிட்டவர் இந்த மாற்றத்தைத் தவறவிட்டிருப்பார்.

இனி, மார்க்கண்டேய நதிக்கே உரிய ஆவணத்துக்கு வரலாம். சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1892-இல் செய்துகொண்ட உடன்படிக்கை, அதன் முதல் அட்டவணையில் பெயர் குறிக்கப்பட்ட பதினைந்து பேராறுகளில் சென்னையின் முன் ஒப்புதலின்றிப் புதிய பாசன நீர்த்தேக்கங்களை மைசூர் கட்டலாகாது என்கிறது. தெற்குப் பினாகினி என்னும் பெயரில் தென்பெண்ணையும் அப்பட்டியலில் உள்ளது. கிளையாறு பேராற்றில் அடங்குமா, குடிநீருக்கான அணை ‘பாசன நீர்த்தேக்கம்’ ஆகுமா என்னும் இரு கேள்விகள் மீதும் ஒரு முழு ஆய்வேடு எழுதலாம். அவ்விரண்டிலும் தமிழகத்துக்குச் சாதகமான விடையே சரியென்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு எழுதப்படும் ஆய்வேடு, வழக்கறிஞரின் மனுவாகுமே தவிர ஆய்வாகாது. பல நூறு அடி ஆழத்துக்குத் துளைத்தும் நீர் கிட்டாத கோலார் மாவட்டத்தில், பங்காருப்பேட்டைக் குடும்பத்துக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்பதும் உண்மையான தேவையே. ஒப்பிடுபவர் ஆற்றின் இரு முனைகளிலும் நின்று பார்க்கக் கடமைப்பட்டவர்.

வேப்பனப்பள்ளிக்கு மற்றொரு எல்லையும் உண்டு. அது ஆந்திரத்தின் குப்பம். அங்கே பாலாற்றின் குறுக்கே எழுந்த தடுப்பணைகளைப் பற்றியும் தமிழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியிருக்கிறது. பாலாறும் 1892-இன் பதினைந்து ஆறுகளுள் ஒன்று. ஆனால் அன்று கோலார் மைசூரில் இருந்தது. குப்பமோ சென்னை மாகாணத்துக்குள்ளேயே, வட ஆற்காட்டுப் பகுதியில் இருந்தது. எனவே வாக்குறுதி தந்த தரப்பில் ஓர் அண்டை நிலமும், வாக்குறுதி பெற்ற தரப்பில் மற்றோர் அண்டை நிலமும் இருந்தன. பின்னர் இரண்டும் வெவ்வேறு மாநிலங்களாகத் தலைமடையில் வந்து நிற்கின்றன. மாநிலங்கள் பிரிந்தும் இணைந்தும் மாறியபின் பழைய உடன்படிக்கையின் கடமை யாரைப் பின்தொடர்கிறது என்னும் கேள்வி, அரசு வழியுரிமை என்னும் தலைப்பில் உலகெங்கும் ஆராயப்படுவது. அதை நேரில் காண, வேப்பனப்பள்ளிப் பேருந்து நிறுத்தத்திலிருந்து இரண்டு திசைகளில் சிறிது தூரம் பயணம் செய்தால் போதும்.

இவ்வட்டார மாணவர்களுக்கே ஆராயும் தகுதி மிகுதி என்று மேலே கூறப்பட்டதன் பொருளும் இதுதான். வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், பக்கத்து ஊர்த் திருமணத்தில் கன்னடம் என்று வளர்ந்தவர், கர்நாடகச் சட்டமன்றத்தின் வாதத்தைக் கன்னடத்திலும், குப்பத்து உழவரின் வாதத்தைத் தெலுங்கிலும் மொழிபெயர்ப்பாளரின்றிப் படிக்கவும் கேட்கவும் வல்லவர். பெட்ரோல் விலை முதல் பள்ளிப் பாடமொழி வரை எதுவும் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் வேறாக இருப்பதைப் பார்த்தே பழகியவருக்கு, சட்டம் என்பது இயற்கையாய் விளைந்ததன்று, வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கலாம் என்னும் ஒப்பீட்டின் முதற்பாடத்தை எந்தப் பேராசிரியரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இவ்வளவு வாய்ப்பிருந்தும், இவ்வட்டாரத்திலிருந்து சட்ட முதுநிலைக்குச் செல்வோர் ஆய்வுத் தலைப்பு என்று வரும்போது வாஷிங்டனையும் லண்டனையும் மட்டுமே நினைப்பது வருத்தத்துக்குரியது.

எனவே இரண்டு வேலைகள் இம்மாணவர்களிடம் கோரப்படுகின்றன. முதலாவது, 1892 உடன்படிக்கையை அதன் அட்டவணைகள் உட்பட முழுமையாகத் தமிழில் பெயர்த்து, 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம், 11-ஆம் பிரிவுகளோடும், 1907-இன் கான்சாஸ் தீர்ப்போடும், 1927-இன் ஜெர்மன் தீர்ப்போடும் சேர்த்து ஒரே தொகுப்பாக்கி, வேப்பனப்பள்ளி நூலகத்தில் எவரும் எடுத்துப் படிக்கும்படி வைப்பது. இரண்டாவது, கான்சாஸும் மிசூரியும் முதலில் எதனால் தோற்றன, க்னோப்பின் சாயம் எதனால் வென்றது என்பதை மனத்தில் கொண்டு, மார்க்கண்டேய நதிக்கரையின் கிணறுகளில் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளப்பது. ஆற்றில் தண்ணீர் வந்த நாளையும் நின்ற நாளையும், அதே நாளின் மழையளவோடு சேர்த்துக் குறிப்பது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த இடம் வரை அடிக்கணக்கில் அளந்தால் ஆயிற்று. இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. யார்கோள் அணைக்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி முதியவர்கள் கூறுவதை, அவர்கள் கூறியது என்றே தனிப் பக்கத்தில், அளந்த கணக்கோடு கலக்காமல் எழுதிவைக்க வேண்டும். குறுக்கு விசாரணையில் அந்த வேறுபாடு கேட்கப்படும். நடுவர் மன்றம் எப்போது அமர்ந்தாலும் அது முதலில் கேட்கப்போவது கணக்கைத்தான். வரும் ஐப்பசி மழைக்கு முன்பாகவே அந்த நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கிவிடுமாறு அன்புடன் வேண்டப்படுகிறது.